ஊதாமல் கொண்டுவந்த மெழுகுதிரி

பேர்லின்,
5.10.2008, ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பான அத்தானுக்கு,

இங்கே நொய்கெல்ன் பகுதிக் கோயில் முருகனின் காவலில் நானும் உங்கள் மகள் தர்சிகாவும் சோற்றுக்கும் சண்டைக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீங்கள் எந்த இடத்தில் இருந்தாலும் அங்கே ஒரு மர நிழலும் ஒரு வாளி நல்ல தண்ணீரும் இருக்கவேண்டும் என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் பேனையைக் கையில் எடுத்தேன்.

முதலில் உங்கள் மேல் உள்ள குறையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் தங்கச்சியின் கலியாணத்தை ஒப்பேற்றிவிட்டு மூன்று கிழமையில் வந்துவிடுவேன் என்று போன மனிசன் நீங்கள். போன இடத்தில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டு, உங்கள் மூன்று கிழமை இரண்டு வருசத்தையும் தாண்டி நடக்கிறது. நீங்கள் விட்டுவிட்டுப் போன குளிர் யக்கெற்றை நான்தான் போடுகிறேன். அது இப்போது என் உடம்புக்கு வளைந்துவிட்டது. வந்து கேட்டால் தரமாட்டேன், சொல்லிப்போட்டேன்.

ஆடி மாதத்தில் கிளிநொச்சிக் கடையில் இருந்து போன் எடுத்தீர்கள். சத்தமாய்க் கிடக்கு, பிறகு எடுக்கிறன் என்று வைத்தீர்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. இப்போது கிளிநொச்சியிலேயே சனம் இல்லை, எல்லோரும் மூட்டை முடிச்சோடு உள்ளே உள்ளே போகிறார்கள் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். நான் போட்ட கடிதங்கள் ஆள் இல்லாத எந்தத் தபால்கந்தோரில் கிடக்கின்றனவோ தெரியாது. அதனால் இதை வவுனியாவில் உங்கள் ஒன்றுவிட்ட தம்பி கணேசலிங்கத்துக்கு அனுப்புகிறேன். அரிசி மா ஏற்றிக்கொண்டு உள்ளே போகிற லொறிக்காரர் ஆரிடமாவது கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். லொறிக்காரத் தம்பி, நீங்கள் இதைப் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கோபம் இல்லை. கொண்டுபோய்ச் சேர்த்தால் சரி.

சாமிகளில் ஒருவரையும் நான் விட்டுவைக்கவில்லை. புரட்டாதிச் சனிக்கு எள்ளுப் பொட்டலம் எரித்தேன். வேதக்காரக் கொறற்றி அக்காவோடு போய் மாதாவுக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். எனக்கு எப்போது எழும்புகிறது என்று தெரியாமல் எல்லோரும் போன பிறகும் நின்றேன், அதைப் பார்த்து அக்கா என்னைப் பக்திக்காரி என்று நினைத்துவிட்டா. கீழ்க்கடைத் துருக்கிக்காரர் தொழுகைக்குப் போகும்போது, எங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு சொல்லு சொல்லிவிடுங்கோ என்று கேட்டேன். அந்த மனிசன் நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார். அப்படி இருக்கிறவளை வேறு ஒரு சாமி வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா?

கூப்பிட்டது வால்ரவுட். நான் படி துடைக்கிற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிற கிழவி. பெயர் நாக்கில் நிற்காததால் நான் வாலம்மா என்று கூப்பிடுகிறேன், அவவும் சந்தோசமாக வருகிறா. அவ தேவாலயத்துக்குப் போகிறதில்லை. யேசு வர முன்னம் இந்த நாட்டுச் சனம் கும்பிட்ட சூரியன், மண், மரம் எல்லாவற்றையும்தான் கும்பிடுகிறாவாம். அக்கம்பக்கத்தார் அவவைச் சூனியக்காரி என்பார்கள். நான் ஒருநாள் நேரேயே, நீங்கள் சூனியக்காரியோ என்று கேட்டுவிட்டேன். ஓம், ஆனால் முழங்கால் நோவால் இப்ப கூட்டுகிற தும்புத்தடியில் ஏறிப் பறக்க ஏலாது என்று சொன்னா. அன்றில் இருந்து நாங்கள் சிநேகிதம்.

அவவுக்கு ரயில் பாதையோரம் ஒரு தோட்டம் இருக்கிறது. போன மாதம் இருபத்திரண்டாம் தேதி அங்கே பெருநாள், மகளையும் கூட்டிக்கொண்டு வா என்றா. என்ன பெருநாள் என்று கேட்டேன். அன்றைக்குப் பகலும் இரவும் சரிசமனாக நிற்குமாம். அதற்கு அடுத்த நாளில் இருந்து இரவுதான் நீளுமாம். தானியம் வீட்டுக்கு வந்துவிட்டது, இப்போது பழமும் கிழங்கும் வருகிறது, மண் தந்ததற்கு நன்றி சொல்லி, பகிர்ந்து சாப்பிட்டு, இருட்டுக்குள் போக மனசை ஆயத்தப்படுத்துகிற நாள் என்று விளங்கப்படுத்தினா. நாங்கள் தையில் சூரியனை வா என்று பொங்குகிறோம். இவர்கள் புரட்டாதியில் போய்வா என்று சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டும் மரியாதைதானே என்று நினைத்து உழுந்து வடை சுட்டுக்கொண்டு போனேன்.

பத்துப் பேரளவில் நின்றார்கள். தலையில் ஓக்கு இலை வளையம். ஒருவர் மான்கொம்பு வைத்த தொப்பி போட்டிருந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால், போன வருசம் என் கடவாய்ப் பல்லைப் பிடுங்கின டொக்டர்! நான் வாயைப் பொத்திக்கொண்டேன், சிரிப்புக்குப் பாதி, பயத்துக்குப் பாதி. ஒரு மேசையில் பூசணிக்காய், திராட்சை, கொட்டைகள், கறுப்பு மெழுகுதிரி ஒன்று, வெள்ளை மெழுகுதிரி ஒன்று. இரவுக்கும் பகலுக்கும் என்றார்கள். நடுவில் என் வடையையும் வைத்தார்கள். முந்தி வயலில் கடைசிக் கதிர்க்கட்டை வெட்டாமல் தங்கள் பெரிய சாமியின் குதிரைக்கு விடுவார்களாம். தோட்டத்தில் வயலுக்கு எங்கே போகிறது? கடையில் வாங்கின கோதுமைக் கட்டை வேலியில் கட்டினார்கள். குதிரை வரவில்லை, குருவிகள் வந்து தின்றன. ஆப்பிளை நெடுக்காக வெட்டாமல் குறுக்காக வெட்டிக் காட்டினா வாலம்மா. உள்ளே விதைகள் நட்சத்திரமாக இருக்கின்றன அத்தான்! இவ்வளவு காலமும் தின்றிருக்கிறேன், ஒருநாளும் காணவில்லை. ஆப்பிள் மரத்தின் வேருக்கு ஒரு கிளாஸ் ஆப்பிள் வைன் ஊற்றினார்கள். நீங்கள் நின்றிருந்தால் அது வேர் மட்டும் போயிருக்காது.

இதுவரைக்கும் பகிடி. இனிமேல்தான் நான் செய்த கூத்து.

சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்குகிற நேரம் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு கண்ணாடிச் சாடியும் அதற்குள் ஒரு சின்ன மெழுகுதிரியும் தந்தார்கள். அவரவர் சுடரைப் பார்த்து, எது தனக்கு எல்லாவற்றிலும் அருமையோ அதன் பெயரைச் சொல்லவேண்டும் என்று வாலம்மா சொன்னா. நான் என்ன நினைத்தேன்? அர்ச்சனை என்று நினைத்தேன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்கிறது போல இங்கே கிழவி கேட்கிறா, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கோயிலில் உங்கள் பெயரை மகள்தான் சொல்வாள். உங்களுக்கே தெரியும், கட்டின நாளில் இருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. அகதி விண்ணப்பத்துக்குப் போன நாளில் ஒபீசர் புருசனின் பெயர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்க, நான் பேப்பரில் விரலை வைத்துக் காட்ட, மனிசிக்குப் புருசனின் பெயர் தெரியாது போல என்று அவன் எழுதப்போனானே! அப்படிப்பட்ட நான், அன்றைக்கு மகள் எனக்கு முன்னால் வாயைத் திறக்க முதல், உரத்துச் சொன்னேன். யோகலிங்கம். அனுச நட்சத்திரம். விருச்சிக ராசி. எல்லாம் ஒரே மூச்சில். அவர்கள் அதை ஒரு நீளப் பெயர் என்று நினைத்துத் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் சொன்ன பிறகு, நீங்கள் கூப்பிட்ட சத்தம் கேட்டுப் படலை திறக்கிறது போல ஒரு நிம்மதி.

அதற்குப் பிறகுதான் ஊதத் தொடங்கினார்கள்.

பல் டொக்டர் தன் படகின் பெயரைச் சொல்லி, வாயால் ஊதி நூர்த்தார். ஒரு பெண் தன் பழைய வீட்டைச் சொல்லி ஊதினாள். இன்னொருத்தி அழுதுகொண்டே செத்துப்போன தாயின் பெயரைச் சொல்லி ஊதினாள். மரம் பழத்தை விடுகிறது, நாங்களும் விடவேண்டும், இருட்டு அதைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று வாலம்மா ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டு வந்தா. வட்டம் என்னிடம் வந்தது. எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

விளக்கை வாயால் ஊதுகிறதோ, அத்தான்? கையால் தணிப்போம், பூவால் ஒத்துவோம், வாயால் ஊதுவோமா? அதுவும் உங்கள் பெயரைச் சொன்ன வாயால்? ஏலாது என்றேன். தமிழில்தான் வந்தது. வாலம்மா கிட்ட வந்து என் தோளைத் தடவி, விடு பிள்ளை, விடு என்றா. விடுகிறதற்கு, நான் பிடித்து வைத்திருக்கிறேனா? பிடித்து வைத்திருந்தால் நீங்கள் இன்றைக்குக் குசினியில் இருந்து தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று கத்திக்கொண்டு இருப்பீர்களே!

சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன். வடைத் தட்டத்தையும் எடுக்கவில்லை. தர்சிகா பின்னால், அம்மா நில்லுங்கோ, எல்லாரும் பாக்கினம் என்று கத்திக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏற விடவில்லை. எரிகிற சாமானோடு ஏற ஏலாது என்றான் சாரதி. இது என்ரை மனிசன் என்று சொல்ல வாய் எடுத்தேன். பிறகு உங்களுக்கும் சேர்த்து ரிக்கெற் கேட்பான் என்று பேசாமல் இறங்கிவிட்டேன்.

வாய்க்கால் கரையால் நடந்தோம். காற்று வருகிற பக்கம் எல்லாம் நான் முதுகைக் காட்டிக்கொண்டு, நண்டு போல. உங்கள் யக்கெற்றைத் திறந்து சாடியை உள்ளே வைத்தேன், உள்ளங்கை சுட்டது. ஒரு குடிவெறிகாரன் சிகரெட்டோடு கிட்ட வந்து நெருப்புக் கேட்டான். வாழ்நாளில் ஒருத்தருக்கும் நெருப்பு இல்லை என்று சொல்லாத மனிசன் நீங்கள். அன்றைக்கு உங்களுக்காக நான் சொல்லிவிட்டேன். முதலில் மகள் எனக்குப் பத்து முழம் பின்னால் வந்தாள், தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று. பாலத்தில் காற்று அடிக்க, ஓடி வந்து தன் பள்ளிக்கூடப் பையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பதினாலு வயதுப் பிள்ளை, சொல்லாமல் விட்டதே பெரிய விசயம்.

வீட்டுக்கு எரிந்தபடியே வந்து சேர்ந்தது. குசினியில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் வைத்தேன், விழுந்தாலும் நெருப்புப் பிடிக்காத இடம் அதுதான். ஒன்று முடியும் தறுவாயில் மற்றதைக் கொளுத்தி, அது முடிய இன்னொன்று. பானை கழுவுகிறது குளியலறையில். யன்னல் திறக்கிறதில்லை. மீன் பொரிக்கிறதில்லை, புகையை வெளியே விட யன்னல் திறக்கவேண்டி வரும் என்று. உங்கள் மகள் ஒருநாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள், வீடு பத்தி எரிஞ்சால் அப்பா எந்த வீட்டுக்கு அம்மா வாறது என்று. ஆனாலும் நூர்க்கவில்லை.

வாலம்மா அடுத்த நாளே முழங்கால் நோவோடு எங்கள் நாலு மாடியும் ஏறி வந்தா, என் வடைத் தட்டத்தை ஆப்பிளால் நிரப்பிக்கொண்டு. கோபப்படுவா என்று நினைத்தேன். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தா. பிறகு கதிரையில் இருந்து, தாங்கள் நூர்க்கிறது முடித்துவிடுகிறதற்கு இல்லை, மார்கழியில் நீண்ட இரவு அன்று அதே மெழுகுதிரியைத் திரும்பக் கொளுத்துவோம், மண்ணுக்குள் விதை கிடக்கிறது போல அதுவரைக்கும் கிடக்கும் என்று மெதுவாகச் சொன்னா. நான் கேட்டேன், உங்கள் படகும் வீடும் மார்கழி மட்டும் கிடக்கும் அம்மா, மனிசன் கிடப்பாரோ என்று. இந்த நாட்டில் உலக யுத்தம் முடிகிற நேரம் அவவுக்கு ஏழு வயதாம். தகப்பன் கிழக்கே சண்டைக்குப் போனவர் வரவில்லையாம். அதை அன்றைக்குத்தான் சொன்னா. போகும்போது பையில் இருந்து ஒரு பெட்டி மெழுகுதிரியை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனா.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். இதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டு வந்தேன்.

போன வெள்ளிக்கிழமை விடியப் புதிய மெழுகுதிரி ஒன்றை ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன். மகளுக்கு அன்றைக்குப் பள்ளிக்கூட லீவு, வீட்டில் இருந்தாள். பின்னேரம் வந்து பார்த்தேன். சுடர் எரிகிறது. ஆனால் மெழுகுதிரி நான் வைத்துவிட்டுப் போன உயரத்திலேயே நிற்கிறது. ஒரு பகல் முழுக்க எரிந்த மெழுகுதிரி குறையாமல் நிற்குமா? குசினியில் நெருப்புக்குச்சி மணம். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, நூரேல்லை அம்மா, நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான் என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தது. தானாக நூர்ந்ததோ, யன்னல் திறந்ததோ, வீடு எரியும் என்று பயந்து அவளே நூர்த்துவிட்டு அழுதாளோ, எனக்குத் தெரியாது. ஓம் பிள்ளை, எனக்குத் தெரியும், நீ கெட்டிக்காரி என்று சொல்லி அவளுக்குத் தோசை சுட்டேன். இரண்டு பேரும் அன்றைக்கு நிறையச் சாப்பிட்டோம். அந்தச் சுடர் இப்போதும் தொட்டிக்குள் எரிகிறது. அது நான் கொண்டுவந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. அப்படியே இருக்கட்டும்.

நேற்றுக் கணேசலிங்கம் போன் எடுத்தார். சனம் ஓடிப்போய் இருக்கிற தருமபுரத்தில் ஆரோ உங்களைக் கண்டவையாம். அண்ணை நல்லாச் சிரிச்சுக் கதைச்சவராம் மச்சாள், ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ என்றார்.

சிரிச்சவராமோ!

அத்தான், கலியாணப் படத்திலேயே பல்லுப் பிடுங்க இருத்தின ஆள் போல நிற்கிற மனிசன் நீங்கள். நான் குடும்பம் நடத்தின காலம் முழுக்க உங்களைச் சிரிக்கவைக்கப் பாடுபட்டிருக்கிறேன். தர்சிகா பிறந்த அன்றுதான் ஒருக்கால் உதடு கோணியது, அதுவும் தடிமன், தும்மல் வருகுது என்று சொல்லிவிட்டீர்கள். வீடு வாசல் விட்டு, குண்டுக்கு ஓடுகிற இடத்தில், முன்பின் தெரியாத ஆளோடு நின்று சிரித்துக் கதைத்தீர்களோ? கணேசலிங்கத்துக்கும் நான் ஓம் தம்பி, நல்ல செய்தி, பால் வார்த்தீர்கள் என்றுதான் சொன்னேன். அவர் நல்ல பிள்ளை. வெள்ளிக்கிழமை என் மகள் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். எனக்காக ஒன்றைக் கொளுத்தி வைத்திருக்கிறார். அவரிடம் என்ன கேட்கிறது? கேட்டால் அவர் உண்மையைச் சொல்லிவிட்டால்?

போனை வைத்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருந்தேன். மகள் கதவில் தட்டி, அம்மா குளிக்கிறீங்களோ என்று கேட்டாள். ஓம் என்றேன். சீலை நனையாமல் வெளியே வந்ததை அவளும் கண்டாள், அவளும் கேட்கவில்லை. இப்படித்தான் இந்த வீட்டில் இப்போது சீவியம் போகிறது.

அதனால் உங்கள் காலைப் பிடித்து ஒன்று கேட்கிறேன். எனக்கு நல்ல செய்தி எழுதி அனுப்பவேண்டாம். சுகமாக இருக்கிறேன், யோசிக்காதே என்று எழுதவேண்டாம். அதை என்மேல் இரக்கப்பட்டு ஆரும் எழுதிவிடுவார்கள். அப்படி ஒன்று வந்தால் நான் அரிசிக்குள் கல்லைக் கண்டது போல அதைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்துக்கொண்டே செத்துப்போவேன். நீங்கள் என்னை ஏசி எழுதுங்கோ. விசரி, குசினிக்குள்ளை நெருப்பு வைச்சு விளையாடுறியோ, பிள்ளையை நித்திரை கொள்ள விடு, ஊர்ச்சனத்துக்கு முன்னாலை என்ரை பேரைச் சொல்ல உனக்கு வெட்கமில்லையோ என்று, உங்களுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் போட்டு எழுதுங்கோ. கடுதாசி இல்லாவிட்டால் சீமெந்துப் பையில் ஒரு துண்டைக் கிழித்து எழுதுங்கோ. கை ஏலாவிட்டால் ஆரையாவது கொண்டு எழுதுவியுங்கோ, ஆனால் ஏச்சு உங்களுடையதாக இருக்கவேண்டும். அதை ஆராலும் இரக்கப்பட்டு எழுத ஏலாது. நான் அதை வாசித்து, ஓம், இது அவர்தான் என்று மகளுக்குக் காட்டிவிட்டு, முதல் வேலையாக மீன் பொரிப்பேன்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கோ. பங்கருக்குள் இறங்கும்போது பாம்பு கிடக்குதோ என்று தடியால் தட்டிப் பார்த்து இறங்குங்கோ. முருகனும் மாதாவும் துருக்கிக்காரரின் ஆண்டவனும் வாலம்மாவின் குதிரைச்சாமியும் ஆளுக்கொரு பக்கமாக நின்று உங்களைக் காக்கட்டும். இங்கே இரவு நீண்டுகொண்டே வருகிறது. அதைப்பற்றி ஒன்றுமில்லை. உங்கள் பங்கு இரவையும் சேர்த்து எனக்கே தரட்டும், உங்களுக்குக் கெதியாக விடியட்டும்.

ஏச்சுக்குக் காத்திருக்கும்
உங்கள் வாயாடி,
சுந்தரேஸ்வரி.